பாக்கெட்டில் அடங்கிய டப்பாவும் நாலு மிட்டாயும்

பாக்கெட்டில் அடங்க வேண்டும் என்று சொன்னார்களே தவிர, எங்களுக்குப் பாக்கெட்டே கிடையாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. பையன்களுக்குக் கால்சட்டையில் இரண்டு, சட்டையில் ஒன்று. பெண்பிள்ளைகளுக்குச் சுடிதார். அதில் துப்பட்டாவைக் குத்திக்கொள்ள நாலு ஊக்கு உண்டு. ஒரு கைக்குட்டை வைக்க இடமில்லை. சாரணியர் டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்: காட்டில் ஒருநாள் வழி தவறினால் உயிர் பிழைக்கத் தேவையான பொருட்கள், பாக்கெட்டில் அடங்கும் ஒரே டப்பாவில், மூடி மூட வேண்டும். அரைப் பரீட்சை விடுமுறை முடிந்ததும் போட்டி. நான் கையைத் தூக்கி, "பாக்கெட் இல்லாதவங்க என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவை இழுத்துக்கொண்டு, நாகல் நகரில் எங்கள் தெருமுனையில் இருந்த டெய்லரிடம் போனேன். அவர் என் சுடிதாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளப்புள்ளைக்கு எதுக்குத்தா பாக்கெட்டு? பீடிக்கட்டா வைக்கப் போற?" என்றார். உயிர் பிழைக்கிற சாமான் வைக்கப் போகிறேன் என்று கத்தினேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் யாருடைய ஜாக்கெட்டிலோ மிஞ்சிய பச்சைத் துணியில் ஒரு பாக்கெட் தைத்துக் கொடுத்தார். உட்புறமாக, வெளியே தெரியாதபடி. தெரிந்தால் என்ன என்று அதற்கும் எனக்குக் கோபம்.

டப்பா நல்ல டப்பா. அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. உள்ளங்கை அகலம், தட்டையான தகரம், மூடும்போது 'டக்' என்று சத்தம் வரும். அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். டார்ச் லைட்டு நுழையாது. கயிறு நுழையும், ஆனால் வேறெதுவும் நுழையாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஒன்றை உள்ளே போட்டால் இன்னொன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். முடிவில் நின்றவை: மெழுகில் முக்கிய பத்துத் தீக்குச்சி, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் ஒரு துண்டு, ஊசியும் கறுப்பு நூலும், காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடு, இரண்டு பிளாஸ்திரி, ஒரு விசில், பிறகு நாலு ஆரஞ்சு மிட்டாய். மிட்டாய் என் ஆசைக்கு வைத்ததல்ல. பசியில் மயக்கம் வந்தால் முதலில் வேண்டியது இனிப்புத்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

டப்பாவை வாசல் பக்கத்து அலமாரியில், சித்தப்பா பைக் சாவி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் இரண்டு மிட்டாயைக் காணோம்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்குப் பதினாலு வயதாகும்போதே அவர்களுடைய அப்பா அம்மா போய்விட்டதால், வளர்த்ததும் படிக்க வைத்ததும் என் அப்பாதான். வீட்டில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போடுகிற ஒரே பெரிய மனிதர் அவர். அதனால் நேராக அவரிடமே கேட்டேன். "எலி தின்னுருக்கும் பாப்பா" என்றார். மூடியைத் திறந்து, மிட்டாயைத் தின்று, மறுபடி மூடியைப் போட்டுவிட்டுப் போகிற எலி!

இரண்டு மிட்டாய் வாங்கி நிரப்பினேன். அடுத்த வாரம் நாலும் போயிற்று. ஒருநாள் காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். கடைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று, அவசர அவசரமாக டப்பாவைத் திறந்து, காகிதத்தைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக் கடித்தார். திருடுகிறவனுக்குக் கை நடுங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்கு நன்றாகவே நடுங்கியது.

அம்மாவிடம் ஓடினேன். நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா, "போகட்டும் விடு, சித்தப்பாதான" என்றாள். நான் விடவில்லை. அதற்கு அவள், "எம்புட்டு வேணும்னாலும் வாங்கித் தாரேன். டப்பாவ மட்டும் அந்த எடத்துலருந்து மாத்தாத" என்றாள். இப்படி ஒரு அநியாயத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா? திருடனைப் பிடித்துக் கொடுத்தால், திருடனுக்கு வசதியாகப் பெட்டியைத் திறந்து வை என்கிற வீடு! நான் ஊக்கைத் தொலைத்தால் ஒரு மணி நேரம் திட்டுகிற அம்மா, முப்பது வயதை நெருங்குகிற ஆண் மகன் பிள்ளையின் மிட்டாயைத் திருடுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெளிய யார்கிட்டயும் இதச் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார்.

எங்கள் ஃபிரிட்ஜில் பின்பக்கமாக ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். அது சித்தப்பாவின் வயிற்றுப்புண் மருந்து, தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் தொட்டதில்லை. அடுத்தவர் டப்பாவைத் தொடக்கூடாது என்கிற மரியாதை அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க, செம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பெண்ணை ஏற்கெனவே போய்ப் பார்த்துப் பிடித்துவிட்டது. மூன்று மாதமாகப் போனில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். இந்தத் தடவை பெரியவர்கள் உட்கார்ந்து தேதி குறிக்க வேண்டும், விருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முதல் நாள் நான் என் நீதியை நானே நிலைநாட்டினேன். தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த ஜல்லியில் மிட்டாய் அளவுக்கு நாலு கல்லாகப் பொறுக்கினேன். ஆரஞ்சு மிட்டாய்க் காகிதத்தைக் கிழியாமல் பிரித்து, கல்லை வைத்து, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டேன். மிட்டாயை நானே தின்றேன். நாலையும்.

மறுநாள் காலையில் வேறொரு சண்டை. அம்மா பட்டுப் பாவாடை கட்டச் சொன்னாள். நான் பாக்கெட் வைத்த சுடிதார்தான் போடுவேன் என்றேன். ஆச்சரியமாக, சித்தப்பா என் பக்கம் பேசினார். "அத போட்டுக்கிட்டே வரட்டும் மதினி. பாப்பா, டப்பாவ மறக்காம எடுத்துக்க" என்றார். அவர் புது வேட்டியும் மெல்லிய வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் மிட்டாய் புடைத்துக்கொண்டு தெரிந்தால் கேள்வி வரும் என்று அப்பா வாங்கி வைத்துவிட்டாராம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்ததெல்லாம், திருடன் பொறிக்குள் தானாகவே தலையை விடுகிறான் என்பதுதான்.

தோப்பு வீடு நன்றாக இருந்தது. தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு, பக்கத்தில் மோட்டார் ரூம், தண்ணீர்த் தொட்டி. தூரத்தில் கன்னிவாடி மலை நீலமாகத் தெரிந்தது. பந்தலில் இலை போட ஆரம்பித்ததும் சித்தப்பா கை கழுவி வருவதாகச் சொல்லி மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டு வந்தார். அவர் வந்து உட்கார்வதற்குள் போன் வந்தது. பெண்ணின் தாய்மாமன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு இறக்குவதில் மாட்டிக்கொண்டாராம், வந்துகொண்டிருக்கிறாராம். தாய்மாமன் முதல் இலையில் உட்காராமல் பந்தி நடக்காது. "செத்த நேரந்தான், இந்தா வந்துருவாரு" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்கினார்கள். இலைகள் காய்ந்து சுருண்டன. ஒருவர் தாமதமாக வந்தால் முப்பது பேர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது என்ன மரியாதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு வெறும் பசி. சித்தப்பா மோட்டார் ரூமுக்குப் போனது கை கழுவ அல்ல. சாப்பாடு இதோ என்கிற நம்பிக்கையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்.

நான் தொட்டித் திட்டில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்தார். சட்டை முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது.

"பாப்பா, அந்த டப்பாவக் குடு."

கொடுத்தேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன். அவரால் மூடியைத் திறக்க முடியவில்லை, நான்தான் திறந்துவிட்டேன். ஒன்றைப் பிரித்து நேரே வாயில் போட்டார். கல் பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. துப்பிவிட்டு இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவது. பிறகு என்னைப் பார்த்தார்.

"திருடனுக்கு அதுதான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. கல்லையெல்லாம் தொட்டித் தண்ணீருக்குள் போட்டார். ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது. எழுந்து வீட்டைப் பார்த்து நாலடி நடந்தார். கால் பின்னியது. வாய்க்காலுக்குள் வேட்டியோடு சரிந்து விழுந்தார்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். தூக்கிப் பந்தலில் உட்கார வைத்தார்கள். கண் எங்கேயோ பார்த்தது, தலை நிற்கவில்லை. பெண்ணின் பெரியப்பா கூட்டத்தை விலக்கி வந்து பார்த்துவிட்டு, "அட, மாப்ள காலையிலயே ஊத்திட்டு வந்துருக்காருடோய்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் பார்த்தேன். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, "கூட்டாளிக கூட லேசா... பழக்கமெல்லாம் இல்லைங்க. இன்னைக்கு ஒரு நாளு. மன்னிச்சுக்கங்க" என்றார்.

சித்தப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இது அப்பாவுக்குத் தெரியும். குடித்தவன் என்றால் ஊர் இரண்டு நாளில் மன்னித்துவிடும். சர்க்கரைக்காரன் என்று பெயர் வந்தால் ஒருத்தரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, வண்டியில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்க ரோட்டுப் பக்கம் ஓடினார். அம்மா, சர்க்கரை கூடப் போட்டு ஒரு காபி வேண்டும் என்று அடுப்படியில் போய்க் கெஞ்சினாள். "போதையில கெடக்குறவருக்குக் காபியா? மோர ஊத்துங்க, தெளியும்" என்று ஒரு அம்மாள் உப்புப் போட்ட மோரை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தார். பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சாப்பிடாமல் போட்ட ஊசியால் சர்க்கரை இறங்கிச் செத்துக்கொண்டிருந்த மனிதனின் வாயில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் சித்தப்பாவின் மேல் பொய்ப் பழி போடுகிறார்கள். திருடன் என்றால் நான் ஒத்துக்கொள்வேன், அது உண்மை. குடிகாரன் என்று சொல்ல இவர்கள் யார்? கூட்டத்துக்குள் நுழைந்து கத்தினேன்.

"எங்க சித்தப்பா குடிக்க மாட்டாங்க! மிட்டாய்தான் திருடுவாங்க! கை நடுங்குறப்ப எல்லாம் எந்திரிச்சு வந்து எம் மிட்டாயத் திருடித் திம்பாங்க!"

சிலர் சிரித்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற கல்யாணப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இளம்பச்சைப் பட்டுச்சேலையோடு பந்தலுக்குள் வந்தாள். சித்தப்பாவின் நெற்றியைத் தொட்டு, வேர்வையைப் பார்த்தாள். குனிந்து வாயருகே மோந்து பார்த்தாள். மோர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன? கை நடுங்குமா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உள்ளே ஓடினாள். சர்க்கரை டப்பாவோடு வந்து, ஒரு கை அள்ளி, அவர் உதட்டைப் பிரித்து ஈறில் தேய்த்தாள். "முழுங்குங்க. இந்தா பாருங்க, என்னையப் பாருங்க. முழுங்குங்க" என்று அதட்டினாள். அவர் விழுங்கத் தொடங்கியதும் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிச் சிறிது சிறிதாகக் கொடுத்தாள். முப்பது பேர் சுற்றி நின்றோம். கால் மணி நேரத்தில் அவர் கண் நிலைக்கு வந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றார்.

"சக்கரையா?" என்று அந்த அக்கா கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாதான், "காலேசு படிக்கையில இருந்தும்மா" என்றாள்.

"சக்கரக்காரருக்கு நாங்க மோர ஊத்திக்கிட்டு இருக்கோம். நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீக." பிறகு சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "மூணு மாசமா பேசுனீங்க. இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்னு கூடக் கேட்டீங்க. எங்கப்பாவுக்குத் தெனம் ரெண்டு வேள நாந்தேன் ஊசி போடுறேன். எங்கிட்ட சொல்ல என்ன வந்துச்சு?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் சித்தப்பா துண்டுக்குள்ளிருந்து. "அண்ணன், கல்யாணம் முடியட்டும்னுச்சு."

அவள் தன் அப்பாவிடம் திரும்பி, "வேணாம்ப்பா" என்றாள். "சக்கரைக்காக இல்ல."

அவ்வளவுதான். தாய்மாமன் வந்து சேர்ந்தபோது பந்தலில் பாதிப் பேர் இல்லை.

திரும்பும்போது வண்டியில் எல்லோருக்கும் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. அது நான்தான். "இவ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. எது முடிந்திருக்கும், சித்தப்பாவா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அம்மா, "உங்கிட்டதான டப்பா இருந்துச்சு, மிட்டாய் என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். முன் சீட்டிலிருந்து சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: "நாந்தேன் வரையிலயே எல்லாத்தையும் தின்னுட்டேன் மதினி."

அவர் அந்தப் பொய்யை என்றைக்கும் மாற்றிச் சொல்லவில்லை. அடுத்த சம்பந்தம் பேச வந்தபோது அப்பா தடுக்கத் தடுக்க, முதல் போனிலேயே எல்லாவற்றையும் சொன்னார். கோயம்புத்தூரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். கல் விஷயத்தை நான்தான் என் கல்லூரி நாட்களில் ஒருமுறை அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

இவ்வளவும் புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை கொடுத்துப் பிழைக்க வைத்தது எப்படி என்று அன்று யாரும் எனக்கு விளக்கவில்லை. விளக்கியிருந்தால் மட்டும் போதுமா, தெரியவில்லை. ஏனென்றால் அன்று எனக்குச் சித்தப்பா மேலோ, அப்பா மேலோ, என் மேலோ கோபமில்லை. என் கோபமெல்லாம் அந்த அக்கா மேல்தான். பிழைக்க வைத்தவளே வேண்டாம் என்றும் சொல்கிறாள், இது என்ன நியாயம்?

நாங்கள் வண்டியில் ஏறும்போது அவள் மட்டும் ரோடுவரை வந்திருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அவளுடைய கண் நிறைந்திருந்தது, உதடு துடித்தது. நல்ல மாப்பிள்ளையைத் தானே விட்டுவிட்டு இப்போது அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று நினைத்தேன். ஏமாற்றப்பட்டவர்களுக்கும் கோபத்தில் அப்படித்தான் கண் நிறையும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தோப்பில் அன்று அநியாயம் நடந்தது எனக்கு மட்டும்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியபோது அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.